பிரேக் அக்காவின் இரண்டாவது வேலை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார்களில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்க வந்தவர் பதறிப்போய் எதையாவது மிதித்துவிட்டால் அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம். மற்ற ஆசிரியர்கள் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை அதை அழுத்துவார்கள். கூடவே நாலு வார்த்தை திட்டவும் செய்வார்கள். அவள் அழுத்துவது அபூர்வம். காலைப் பட்டும் படாமல் அதன்மேல் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகல, கால எடுங்க, வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்பாள். வண்டியும் எங்கும் ஓடிப்போகாது. பதினான்கு வருடங்களில் அவளுக்குப் பிரேக் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர், கணவரின் அப்பா. குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்து வருடங்கள் ஆகியிருந்தன. கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டும் வேலை. மாமனார் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதி, ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடங்கள் ஊரார் வீட்டுக்குள் நுழைந்து, எதையும் ஏறிட்டுப் பார்க்காமல், மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதர். சொந்த வீட்டிலும் அதே பழக்கம்தான்.

வீட்டில் வாய் என்று இருந்தது கணவருக்கு மட்டுமே. மாமனாரும் மருமகளும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. பகை ஒன்றும் கிடையாது, தேவை வந்ததில்லை. "அப்பா, அவளுக்குச் சர்க்கரை கம்மியா வேணுமாம்." "அப்பாவோட சட்டையில பட்டன் போயிடுச்சாம், பாரு." மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு விளையாட்டும் இருந்தது. பட்டன் சட்டையிலேயே இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, கடையில் நாற்காலியிலிருந்து எழுந்த கணவர், "தலை ஒரு மாதிரியா இருக்குப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கீழே சாய்ந்தார். வயது நாற்பத்தாறு.

கடையிலிருந்து போன் வந்தபோது பிரேக் அக்கா ஒரு வங்கி ஊழியருக்குப் பின்பக்கமாக வண்டியை எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது ஐந்தாவது வகுப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க இறங்குங்க, நான் எடுக்கறேன்" என்று சொல்லிக் கதவைத் திறக்கப் போனாள். கை கதவின் பிடியில் நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. வங்கிப் பெண் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அக்கா, நானே ஓட்டறேன். நீங்க சொல்லுங்க."

ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டருக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கிளட்ச்ச மெதுவா விடுங்க. கண்ணாடியப் பாருங்க. அந்த பஸ் போகட்டும், நமக்கு அவசரமில்ல. நமக்கு அவசரமில்லை என்று சொன்னதை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். வங்கிப் பெண்ணின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு அந்தப் பெண்தான் ஓவென்று அழுதாள். பிரேக் அக்கா இறங்கி உள்ளே போனாள். போன் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்று உள்ளே சொன்னார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லவங்கள ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான் என்றார் ஒருவர்; அப்படியானால் தான் நல்லவரில்லை என்று ஒப்புக்கொள்வதை அவர் கவனிக்கவில்லை. நாளாக ஆகச் சரியாயிடும் என்றாள் ஓர் உறவுக்காரி. அழுதுடும்மா, மனசு லேசாகும் என்றாள் இன்னொருத்தி. அழுகை வந்தால் அழமாட்டாளா? அது வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். கல்நெஞ்சுக்காரி என்ற பேச்சு காதுக்கு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் இருவரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். காலை டீ மாமனார் போடுவார். இரவுச் சாப்பாடு அவள் பொறுப்பு. சர்க்கரை அதிகமாக இருந்தது, அவள் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை. மகனைப் பற்றி அவரும் பேசவில்லை, கணவரைப் பற்றி அவளும் பேசவில்லை. பேசினால் மற்றவருக்குத் தாங்காது என்று இருவருமே நினைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்துக் கால் தகராறு செய்யத் தொடங்கியது. காலிச் சாலையில், முன்னால் ஈ காக்கை இல்லாதபோது, அவள் கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்தது. கற்க வந்தவர்கள் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள். "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்கள். ஒரு தப்பும் இல்லை. ஒரே வாரத்தில் ஏழு தடவை நடந்தபோது பள்ளியின் முதலாளி கூப்பிட்டார்.

"நம்ம பேரே உன் பிரேக்குலதான் நிக்குது. இப்ப அதுவே இப்படி நின்னா? போய் டாக்டரப் பாரு. சரியானதும் வா."

எலும்பு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். நரம்பு டாக்டரும் பார்த்தார். கால் கல்லுக் கால், ஒரு குறையும் இல்லை என்றார்கள். நரம்பு டாக்டர் மட்டும் சீட்டை மேசையில் வைத்தபடி, "சமீபத்துல வீட்டுல ஏதாவது...?" என்று இழுத்தார். அவள் சொன்னாள். அவர் வேறொரு சீட்டு எழுதினார்.

அந்தச் சீட்டு, அதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் விட்டது. "இழப்பு ஆலோசனைப் பிரிவு" என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, தண்ணீர் ஜாடி, முற்றத்தைப் பார்த்த ஜன்னல். அங்கே இருந்த ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, முன்பு நர்ஸாக இருந்தவர். தொண்டையில் ஏதோ அறுவை சிகிச்சை ஆனதால் குரல் கரகரவென்று இருக்கும். வார்டுகளில் எல்லாரும் அவரைக் கரகர மேடம் என்றே சொன்னார்கள். அவருக்கும் தெரியும்.

மாமனாரிடம் "கால் வலிக்கு ஆஸ்பத்திரி போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள்.

நல்லவங்களை, ஆண்டவனை, நாளாக ஆக என்பதை இங்கேயும் கேட்க வேண்டியிருக்கும் என்று எண்ணியே உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்ததை, ஒரு விபத்து அறிக்கை எழுதுவதுபோல, நேரத்தோடு சொல்லி முடித்தாள். கரகர மேடம் கேட்டார்:

"ஆறு கிலோமீட்டரும் எந்த கியர்ல போனீங்க?"

"ரெண்டாவதுல."

"ஏன்?"

"மூணாவது அந்தப் பொண்ணுக்கு இன்னும் சொல்லித்தரல."

சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவரிடம் போய்ச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று தோன்றியது. எட்டு மாதமாக வராத அழுகை அந்த இடத்தில் வந்தது. அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகி, விக்கல் எடுத்து, நாற்பது நிமிடம். கரகர மேடம் தண்ணீரை நகர்த்தி வைத்தார்; தோளைத் தட்டவில்லை.

பதினோரு வியாழக்கிழமைகள் போனாள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு கால் சொன்னபடி கேட்டது. பதினோராவது வாரம் எழுந்துகொள்ளும்போது, "மேடம், இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்றாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேளுங்க."

"இப்பவே கேட்டா என்ன?"

"இப்ப உங்களுக்கு வேண்டியது இந்த வேலை இல்ல. இந்த ரூம். ரூமுக்கு ஆசைப்பட்டு வந்தவங்க நிறையப் பேரப் பாத்துட்டேன். வர்றவங்களப் பேச விடாம தாங்களே பேசிட்டிருப்பாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பள்ளிக்குத் திரும்பிப் போய், இரண்டு வருடம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். வங்கிப் பெண் மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினாள். இரண்டு வருடம் முடிந்த அன்று காலை ஒன்பது மணிக்குப் பிரேக் அக்கா இரண்டாம் மாடியில் நின்றாள்.

"தேதிய குறிச்சு வச்சிருந்தீங்களா?"

"டிரைவிங் ஸ்கூல்காரி மேடம். எந்த லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு பாக்கறதுதானே பொழப்பு."

படிப்பு இரண்டு வருடம், மாலை நேர வகுப்பு. கூடப் படித்தவர்கள் இருபத்துமூன்று வயதுக்காரர்கள். துக்கத்துக்கு எத்தனை படிகள், எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ஏதோ மாடிக்கு ஏறுவதுபோல. தான் எந்தப் படியில் ஏறினோம் என்று தேடிப்பார்த்தாள், கண்டுபிடிக்க முடியவில்லை. தேர்வில் படிகளை வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். கடைசி ஆறு மாதம் கரகர மேடத்தின் கீழே நேரடிப் பயிற்சி.

முதலில் தனியாக உட்காரவைத்தது ரொட்டி அடுப்பில் வேலை செய்யும் ஒரு மனிதரோடு. மனைவி போய் மூன்று மாதம். முன்கை முழுக்கத் தீக்காயத் தழும்புகள். சொல்லத் தெரியாமல் சொன்னார்: "காலையில எழுந்தா அவ பக்கத்து தலகாணி மேல கை போகுதுங்க."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. "எனக்குப் புரியுதுங்க. என் வீட்டுக்காரரும் திடீர்னுதான்..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தது நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை, போன், ஆறு கிலோமீட்டர் எல்லாம் வந்தது. அந்த மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடடா, மனச விட்டுடாதீங்கம்மா" என்றார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மீதி நேரமெல்லாம் அவரே ஆறுதல் சொன்னார். நன்றாகவே சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை.

கரகர மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு அந்த ரூம்ல பேஷன்ட் யாரு?" என்றார்.

அவள் மேசையில் இருந்த தண்ணீர் ஜாடியைப் பார்த்தாள்.

"திட்டலாம்னு பாத்தா, நீங்களே உங்களத் திட்டி முடிச்சுட்ட மாதிரி இருக்கு. மூணு மாசம் என் பக்கத்துல உக்காருங்க. வாயத் திறக்க வேண்டாம். கேளுங்க, அது போதும்."

ரொட்டிக்காரருக்கு ஒரு கடிதம் போட்டாள். பிறகு இன்னொன்று. பதில் இல்லை. அவர் வேறு எங்காவது போனாரா, யாரிடமாவது பேசினாரா, இல்லை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டாரா என்பது கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே வேலையைக் கற்றுக்கொண்டாள்.

மூன்று மாத மௌனத்தில், ஜனங்கள் எதற்கெல்லாம் வருகிறார்கள் என்று பார்த்தாள். இறந்த தம்பியின் போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கும் அக்கா. அப்பா செத்தும் துக்கமே வரவில்லை, தனக்கு ஏதாவது வியாதியா என்று கேட்க வந்த வாலிபன். அம்மாவின் செருப்பை ஆஸ்பத்திரியில் தொலைத்துவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, செருப்பைப் பற்றிப் பேசியே தெளிந்து போன தாலுகா அலுவலகக்காரர். ஒருவர் துக்கம் மற்றவர் துக்கத்தின் சாயலில்கூட இல்லை. தன்னுடையதை வைத்து எதையும் அளக்க முடியாது என்பது அங்கேதான் அவளுக்கு உறைத்தது.

பயிற்சி முடிந்து அதே பிரிவில் வேலை கிடைத்தது. முதலில் வாரம் மூன்று நாள். பிறகு முழு வேலை. பயிற்சிப் பள்ளி முதலாளி, "ஒரு நல்ல பிரேக்கு போச்சு" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மாமனாருக்கு இந்த வேலையில் மதிப்பில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம், "முன்ன பின்ன தெரியாதவங்க அழறதக் கேக்க ஒரு படிப்பாம். வீட்டுல வாயில கொழுக்கட்ட, அங்க போய் ஊருக்கு உபதேசம்" என்று சொன்னது ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தது. கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் என்று எதுவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் நம்பர்க்காரர் போனதும் கதவைத் திறந்து, "நாலு" என்று கூப்பிட்டாள். வராந்தாவின் கடைசி நாற்காலியிலிருந்து மாமனார் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலை படிய வாரியிருந்தது. எழுபத்தெட்டு வயதுக் கையில், நாலு என்று எழுதிய டோக்கன்.

"மாமா? சாப்பாட்டு டப்பாவ வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேனா?"

"இல்லம்மா. நாலாம் நம்பர் நான்தான்."

உள்ளே வந்தார். எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அவள் கதவைச் சாத்தினாள்.

"வீட்டுல பேச்சு வரல" என்றார். "உங்கிட்ட வந்தா எல்லாரும் பேசறாங்களாமே. கீழ டீக்கடையில சொன்னாங்க. சரி, வரிசையில வந்தா எனக்கும் வரும்னு பாத்தேன்."

உட்காருங்க மாமா என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவர் அவளிடம் சேர்ந்தாற்போல இத்தனை பேசியதில்லை. ஆனால் அந்த அறையில் அவர் மகன் அவளுக்குக் கணவர். பேசுபவர், கேட்பவர் இரண்டு பேரில் ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும். இருவராலும் முடியாது.

"மாமா, சொந்தக்காரங்கள நாங்க பாக்கக் கூடாது. சட்டம்னு சொல்லல. பாத்தா உங்களுக்கு நல்லதில்ல."

"அப்ப நான் போகட்டுமா?"

"வேண்டாம். அடுத்த ரூம்ல மேடம் இருக்காங்க. நல்லாப் பாப்பாங்க. என்னையும் அவங்கதான் பாத்தாங்க."

மாமனார் நிமிர்ந்தார். "உன்னப் பாத்தாங்களா? எப்ப?"

"அவர் போன அடுத்த வருஷம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கால் வலின்னு வியாழக்கிழமை வியாழக்கிழமை போனியே."

"ஆமா மாமா."

"கால் வலிக்குத் தைலம் வாங்கி வச்சேன்."

"தேச்சுக்கிட்டேன் மாமா."

"ம்" என்றார். அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். பிறகு டோக்கனை மேசையில் வைத்துவிட்டு, "எந்த ரூம்?" என்றார். அவள் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். கதவு சாத்திய பிறகு தன் அறைக்கு வந்து, ஐந்தாம் நம்பரைக் கூப்பிடப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

அவர் எட்டு வியாழக்கிழமைகள் வந்தார். உள்ளே என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை. கரகர மேடமும் மூச்சுவிடவில்லை. வேலை முடிகிற வரை மாமனார் கீழே காத்திருப்பார். இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவார்கள். பஸ்ஸில் பேச்சு கிடையாது. நாலாவது வாரம் மட்டும், நிறுத்தம் வருவதற்கு முன் அவர் தனக்குத்தானே சிரித்தார்.

ஆறாவது வாரம், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அவன் எட்டாவதுல பெயிலானது உனக்குத் தெரியுமா?"

"பெயிலா? அவரா? கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டுன்னுல்ல சொன்னாரு."

"ஃபர்ஸ்ட்டா! கணக்குல ஒன்பது மார்க். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு, என் கையெழுத்தையே போட்டுட்டான். வாத்தியார் என்னக் கூப்பிட்டு, உங்க கையெழுத்து நல்லாருக்குன்னாரு."

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டிராத செய்தி. "புளுகு மூட்டை" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்தாள்; போன மனுஷரை இப்படிச் சொல்லலாமா? மாமனார் சோறு தெறிக்கச் சிரித்தார்.

எட்டாவது வாரத்தோடு, "போதும். அந்தம்மாவுக்கும் வேற ஆளுங்க இருப்பாங்க" என்று நிறுத்திக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் இருவரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பிழிந்து கொடுக்க, அவள் கொடியில் போட்டாள். ஒரு துண்டைப் பிழிந்தபடி அவர் சொன்னார்:

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வர்றதுக்குள்ள முகத்தத் துணியால மூடிட்டாங்க. மூடினத எடுத்துப் பாக்க எனக்குத் தைரியம் வரல. நீ பாத்தியே. முகம் எப்படி இருந்துச்சு?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கரகர மேடம்கூட. பத்து நிமிடம் ஆயிற்று சொல்ல. வழக்கமாகச் சொல்வதுபோலத் தூங்கற மாதிரி என்று சொல்லவில்லை; அப்படி இல்லை, அதனால். வாய் கொஞ்சம் திறந்திருந்ததைச் சொன்னாள். நெற்றி இன்னும் சூடாக இருந்ததைச் சொன்னாள்.

"தாடையில சின்னதா ஒரு வெட்டு, மாமா. காலையில ஷேவ் பண்ணப்ப பட்டது. ரத்தம் காஞ்சிருந்துச்சு."

"புது பிளேடு" என்றார் அவர். "நான்தான் எடுத்துக் குடுத்தேன். பழசப் போட்டுக் கிழிச்சுக்காதடான்னு."

அது சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை என்பது இதற்குள் அவளுக்குத் தெரியும். அவர் துண்டை மடக்கிப் பிழிந்தார்; தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டிருந்தும் பிழிந்துகொண்டே இருந்தார். அவள் கையை நீட்டியபடி நின்றாள். அவர் கொடுத்த பிறகு வாங்கிக் கொடியில் போட்டாள். வாளியில் இன்னும் பாதித் துணி இருந்தது.